அடங்குதல்

“உங்க அம்மா இப்ப ரொம்ப அடங்கிட்டாங்க” என்றார் சின்ன அத்தை. திருக்கோவிலூரில் ஒரு கல்யாண மண்டபத்துப் பின்வாசல், கை கழுவும் குழாயடி. ஈரக்கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே சொன்னார். குரலில் மெச்சுதல் இருந்தது. அத்தைக்கும் அம்மாவுக்கும் நாற்பது வருடத்துப் பாக்கிகள் உண்டு. அம்மாவைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை விழுவது லேசுப்பட்ட காரியமல்ல. நான் தலையாட்டினேன். அதில் எனக்கும் ஒரு பங்கு இருப்பதைப்போல உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அம்மா ஒரு காலத்தில் எங்கள் தெருவின் குரல். பாலில் எவ்வளவு தண்ணீர் என்ற விசாரணை பால்காரர் சைக்கிளை நிறுத்தும் முன்பே தொடங்கிவிடும். ரேஷன் கடை வரிசையில் யார் எங்கே புகுந்தார்கள் என்பதை அவர்களுடைய மூன்று தலைமுறை வரலாற்றோடு சேர்த்துச் சொல்வாள். ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதே அதோடு சண்டையும் போடுவாள். அப்பா போன அடுத்த வருடத்திலிருந்து எல்லாம் குறைந்தது. காலையில் காபி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தால், வெயில் காலடிக்கு ஏறும்வரை எழுந்திருக்க மாட்டாள். எதிரே ஒரு பூவரச மரம், ஒரு தெருக்குழாய், குழாயைச் சுற்றி எந்நாளும் கொஞ்சம் சேறு. இவ்வளவையும் எவ்வளவு நேரம்தான் பார்ப்பது? “என்னம்மா யோசனை?” என்று கேட்டால் உடனே பதில் வராது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்ப்பாள். பிறகு, “ஒண்ணுமில்லப்பா, சும்மா குந்தியிருக்கேன்” என்பாள். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் ஆழம் என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தை சொன்ன சொல் அன்றிரவே உறுத்த ஆரம்பித்ததாக இப்போது நினைக்கிறேன். உண்மையில் எப்போது ஆரம்பித்தது என்று சொல்ல முடியவில்லை. அடங்குதல். தமிழில் இந்த வினைக்கு இருக்கும் வேலைப்பளு அதிகம். பொங்கிய பால் அடங்குகிறது. வெயில் அடங்கட்டும் என்று பயணத்தைத் தள்ளிப்போடுகிறோம். பசி அடங்குகிறது, காற்று அடங்குகிறது, இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர்கள் ஊர் அடங்கிய தெருவில் நடக்கிறார்கள். ரவுடியின் கொட்டம் அடங்குகிறது. பெண் பார்க்கப் போய்விட்டு வந்தவர்கள் பெண் அடக்கமாக இருக்கிறாள் என்கிறார்கள். வள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார், பதின்மூன்றாவது. மூச்சு அடங்கினால் கொண்டுபோய் அடக்கம் செய்கிறோம். சித்தர் அடங்கிய இடம் என்றால் அங்கே விளக்குப் போடுகிறோம். மனம் அடங்கினால் ஆனந்தம் என்று சொல்லும்போது இத்தனை அடக்கத்தில் எதைச் சொல்கிறோம்? பால் அடங்கினால் அடுப்பைத் துடைக்க வேண்டியவருக்கு நிம்மதி. ஊர் அடங்கினால் காவல்காரருக்கு நிம்மதி. அடக்கமான மருமகள் யாருக்கு நிம்மதி என்று சொல்ல வேண்டியதில்லை. அடங்கியவருக்கு என்ன கிடைத்தது என்பதைப் பற்றி இந்த வினைச்சொல் வாயே திறப்பதில்லை. எதிரே இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்பது மட்டும் தெளிவாகத் தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. நானும் மனைவியும் கடைத்தெருவுக்குப் போயிருந்தோம். குக்கரில் துவரம்பருப்பு, மூன்று விசில் வந்ததும் அணைத்துவிடும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தாள் மனைவி. அம்மாவும் தலையாட்டியிருந்தாள். திரும்பி வரும்போது தெருவில் தீய்ந்த வாடை. பக்கத்து வீட்டுப் பெண் பின்பக்கமாக ஓடிவந்து அடுப்பை அணைத்திருந்தாள். விசிலை எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டுப் பதினொன்றாவதில் ஓடிவந்தாளாம். அம்மா திண்ணையில் பூவரச மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சலனமில்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது; புரிந்ததும் வயிற்றில் ஏதோ கரைந்தது. காது டாக்டர், பிறகு கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறை, தலையில் ஹெட்போன், சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். அம்மா நல்ல மாணவி மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தாள், விரல்தான் பல தடவை எழவில்லை. சோதனை செய்த பெண் ஆடியோகிராம் என்ற வரைபடத்தைக் காட்டினார். கோடு இடப்பக்கம் ஓரளவு மேலே ஆரம்பித்து, வலப்பக்கம் மலைச்சரிவு மாதிரி இறங்கியது. வயதினால் வரும் செவிட்டுத்தன்மையில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள் என்றார். மனிதப் பேச்சில் ச, த, க, ப போன்றவற்றின் கூர்மை அந்த இடத்தில்தான் இருக்கிறதாம். அ, ஆ, ஓ எல்லாம் தாழ்ந்த ஒலிகள், அவை தங்கிவிடும். ஆகவே யாரோ பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார்கள் என்பது கேட்காது. உதட்டையும் முகத்தையும் பார்த்து மீதியை நிரப்பிக்கொள்வார்களாம். எனக்கு ஆரம்பப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. அம்மாவின் காதில் உயிரெழுத்து மிஞ்சியிருந்தது, மெய்யெழுத்து உதிர்ந்துவிட்டிருந்தது. “எவ்வளவு நாளா இப்படி?” என்று அந்தப் பெண் கேட்டார். நான் சாந்தி என்று பெயர் வைத்திருந்த அந்த ஒன்றரை வருடத்தை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஏன் அப்படிப் பெயர் வைத்தேன் என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு, அது சமாதானமாகாது என்றாலும். நான் பல வருடங்களாகத் திருவண்ணாமலைக்குப் போய் வருகிறவன். எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடப் பஸ் பயணம். ரமணாசிரமத்தில் பழைய ஹாலில், ரமணர் சாய்ந்திருந்த சோபாவுக்கு எதிரே சுவரோரமாக இடம் பிடித்து உட்கார்வேன். வெளியே செங்கம் சாலையில் பஸ்கள் காற்று ஹாரன் அடித்துக்கொண்டு போகும். மயில் அகவும். யாராவது ஒருவர் மூக்கை உறிஞ்சுவார். மயிலை மன்னிக்கும் மனம் மூக்கை மன்னிக்காது. சிறிது நேரத்தில் முழங்கால் பேசத் தொடங்கும். முழங்காலை ஒருவழியாகப் பேசி அனுப்பினால் மின்கட்டணம் வரும். கடைசித் தேதி இன்றா நேற்றா? எப்போதாவது அதுவும் போய் ஒரு மழுங்கலான இதமான நிலை வரும், பகல் தூக்கத்தின் வாசற்படி மாதிரி. எழுந்து வெளியே வந்து செருப்பை மாட்டியதும் முதலில் தோன்றுவது: மின்கட்டணம். ரமணர் இதற்கு ஒரு கதை சொல்லியிருக்கிறார். கங்கைக் கரையில் தவம் செய்த யோகி ஒருவர் சீடனைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு நிஷ்டையில் ஆழ்ந்தாராம். நூற்றாண்டுகள் கழிந்து, சீடனும் செத்து, நதியும் தடம் மாறிய பிறகு கண் விழித்தவர் முதலில் கேட்டது, தண்ணீர் எங்கே? மனம் ஒடுங்குவது வேறு, அழிவது வேறு என்பதற்காகச் சொன்ன கதை. முன்னதை லயம் என்றும் பின்னதை நாசம் என்றும் பிரித்தார். எனக்கு நேர்ந்ததெல்லாம் லயத்திலும் மலிவான சரக்கு. ஆனால் அந்த ஹாலில் பழகிப்போன கண்ணுக்கு, அசையாமல் உட்கார்ந்திருக்கும் எவரைப் பார்த்தாலும் கைகூப்பத் தோன்றிவிடுகிறது. அங்கே ஒரு நண்பரிடம், “எங்கம்மாவுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது, ஆனா உட்கார்ந்துட்டாங்க” என்று சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்றுவரை அவரிடம் திருத்திச் சொல்லவில்லை.

சும்மா உட்கார்வது மனிதருக்கு இயல்பில்லை என்பதற்குச் சாட்சி தேட வேண்டியதில்லை. 2014இல் அமெரிக்காவின் விர்ஜீனியா பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். வெறும் அறையில் 15 நிமிடம் தன் நினைப்போடு தனியே இருக்க வேண்டும். கையருகே ஒரு பொத்தான், அழுத்தினால் மின்அதிர்ச்சி. அந்த அதிர்ச்சி வேண்டவே வேண்டாம், தவிர்க்கக் காசு கொடுக்கக்கூடத் தயார் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். ஓர் ஆள் 190 முறை. இதைப் படித்தவர்கள் அவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். எனக்கு அவரிடம் ஏதோ ஒட்டுதல். அவர் பொத்தானை அழுத்தினார், நான் பஸ் பிடித்தேன். பெண்களில் ஏன் அவ்வளவு குறைவு என்பதும் என்னை விடாமல் இழுக்கிறது. சும்மா இருந்து பழகியவர்களா, வலியை வேடிக்கையாகப் பார்க்கத் தெரியாதவர்களா, கிடைத்த 15 நிமிடத்தை விட்டுவிட மனமில்லாதவர்களா?

ஆனந்தம் என்று ஒன்று அந்த அசைவின்மையில் கிடைக்கவே இல்லையா என்றால், பொய் சொல்ல மாட்டேன். இத்தனை வருடத்தில் மூன்று முறை, அதிகம் போனால் நான்கு. ஒருமுறை ஐப்பசி மாதப் பிற்பகல். மழை வரப்போகும் மண்வாசனை ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது. நினைப்பு ஒன்று எழுந்து பாதியிலேயே நின்றது, படியேற வந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பிப் போவதுபோல. அடுத்தது எழவில்லை. அதில் குதூகலம் இல்லை. பாரம் இறங்கியது என்றுகூடச் சொல்ல முடியாது, ஏனென்றால் இறக்கிவைத்த ஆள் தட்டுப்படவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு, ‘அட, இதுதானா?’ என்று ஒரு குரல் கேட்டது, என் குரல்தான். அவ்வளவில் கடை கட்டியாயிற்று. மறுபடி மின்கட்டணம். அந்த ஆனந்தம் இருந்தபோது எனக்குத் தெரியாது, தெரிந்தபோது அது இல்லை. சிவப்பிரகாசம் பிள்ளை என்ற அன்பர் கேட்ட கேள்விகளுக்கு 1901, 1902 வாக்கில் மௌனத்திலிருந்த இளம் ரமணர் எழுதிக்காட்டிய பதில்கள்தான் பின்னாளில் ‘நான் யார்?’ என்ற சிறுநூலானது. மனமற்ற தூக்கத்தில் எல்லோரும் தினமும் சுகத்தை அனுபவிக்கிறார்கள், அந்தச் சுகம் தன் இயல்பே என்பது அதன் அடித்தளம். நம் தெருவில் எந்தப் பாட்டியும் காலையில் எழுந்து சொல்வதுதான்: ராத்திரி நல்ல தூக்கம், ஒண்ணும் தெரியல. ஒன்றும் தெரியவில்லை என்றால் நன்றாக இருந்தது எப்படித் தெரிந்தது? அது நினைவு என்றார்கள் அத்வைதிகள். அனுபவித்தவன் ஒருவன் உள்ளே விழித்திருந்தான் என்பது வாதம். ஊகம் என்றார்கள் தர்க்கவாதிகளான நையாயிகர்கள். உடம்பு இலேசாக இருப்பதைப் பார்த்துக் கட்டிச் சொல்கிறோம், அவ்வளவே. பல நூற்றாண்டுச் சண்டை. அந்த ஐப்பசிப் பிற்பகலைப் பற்றி நான் மேலே எழுதியிருக்கும் வரிகள் நினைவா, ஊகமா? சத்தியம் செய்யச் சொன்னால் கை நடுங்கும்.

இன்னொன்றும் உண்டு. மனம் அடங்கினால் ஆனந்தம் என்று நகர மண்டபங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்கிறவர்கள், பழைய வரைபடத்தைப் பாதியில் மடித்துவைத்துவிடுகிறார்கள். சித்தத்தின் அசைவுகளை நிறுத்துவதே யோகம் என்று இரண்டாவது சூத்திரத்தில் சொல்லிவிடும் பதஞ்சலி, ஆனந்தத்தை முதல் அத்தியாயத்திலேயே சமாதிப் பாதையின் ஒரு படியாக வைத்துவிட்டு மேலே நடக்கிறார். பௌத்தத் தியான நூல்கள் இன்னும் கறார். முதல் இரண்டு நிலைகளில் பீதி என்ற பூரிப்பு உண்டு (பாலிச் சொல், நம் பீதிக்கும் இதற்கும் உறவில்லை, ஆனாலும் பார்க்கும்போது திடுக்கென்கிறது). மூன்றாவதில் அது உதிர்கிறது, சுகம் மட்டும் தங்குகிறது. நான்காவதில் சுகமும் உதிர்ந்து சமநிலை நிற்கிறது. அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் ஆனந்தத்தை வழியில் வரும் சத்திரமாகத்தான் கண்டிருக்கிறார்கள். நாம் சத்திரத்தின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.

வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த, பின்னாளில் ரமணரான அந்தப் பதினாறு வயதுப் பையன் எங்கள் ஊர்ப்பக்கமாகத்தான் நடந்துபோனான். திண்டிவனம் வரை 2 ரூபாய் 13 அணாவுக்கு எடுத்த டிக்கெட், வழியில் விழுப்புரத்தில் இறங்கி, மீந்த சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை. அரகண்டநல்லூர்க் கோயில், கீழூர், பசி மயக்கம், ஒரு வீட்டில் சோறு, காதிலிருந்த கடுக்கனைக் கழற்றி அடகு வைத்து நாலு ரூபாய். திருவண்ணாமலைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்துப் பாதாள லிங்க அறையில் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தபோது தொடையைப் பூச்சிகள் அரித்துப் புண்ணாக்கின. பையன்கள் கல்லும் ஓட்டுச்சில்லும் எறிந்தார்கள். அந்தப் பையன்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. இருட்டில் ஒருவன் அழுக்கும் சீழுமாக அசையாமல் இருக்கிறான். அது ஞானமா, சித்தப்பிரமையா, வியாதியா என்று ஒரு பத்து வயசுப் பையன் எதை வைத்துச் சொல்வான்? கல்லெறிந்து பார்ப்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஆடியோகிராம். சேஷாத்திரி சுவாமிகள் என்ற துறவி காவல் காத்தார், யார் யாரோ தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள், கோயில் அபிஷேகப் பால் வாயில் ஊற்றப்பட்டது. பின்னால் விருபாட்ச குகைக் காலத்தில் பெண்கள் மலையேறிச் சோறு சுமந்தார்கள். முதலியார் பாட்டி. மலையில் கீரை பறித்துச் சமைத்துக் கொடுத்ததால் கீரைப்பாட்டி என்றே பெயர் பெற்றவர். கணவனையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்துப் பறிகொடுத்துவிட்டு வந்த எச்சம்மாள், முப்பது வருடங்களுக்கு மேல். ஒரு மனம் அடங்கி நிற்க எத்தனை பேர் அடங்காமல் நடமாட வேண்டியிருக்கிறது என்று எண்ணிப்பார்த்தால் கணக்கு நீளும். ஆசிரமம் உருவான பின்பு இரவில் பெண்கள் அங்கே தங்க அனுமதி இருக்கவில்லை என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்கிறேன். எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

என்னை வெகுநாளாக அலைக்கழிக்கும் காட்சி 1898 டிசம்பரில், திருவண்ணாமலையிலுள்ள பவழக்குன்றில் நடந்தது. ரமணரின் தாயார் அழகம்மாள் மூத்த மகனைக் கூட்டிக்கொண்டு வருகிறார். ஓடிப்போன பிள்ளையை இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறார். சடைமுடி, அழுக்கு, கோவணம், ஆனாலும் அடையாளம் தெரிந்துவிடுகிறது. பலகாரம் செய்து எடுத்துக்கொண்டு தினமும் போகிறார், வீட்டுக்கு வா என்கிறார், அழுகிறார். பிள்ளை வாய் திறக்கவில்லை. அங்கிருந்த ஒருவர் மனம் பொறுக்காமல் காகிதமும் பென்சிலும் நீட்ட, எழுதிக் கொடுக்கிறார்: அவரவர் விதிப்படி நடப்பது நடந்தே தீரும், தடுக்க முடியாது, பேசாதிருப்பதே மேல் என்ற பொருளில் சில வரிகள். அந்த வரிகள் அச்சாகி, சட்டத்துக்குள் போய், ஊர் ஊராக மாட்டப்பட்டிருக்கின்றன. அந்தக் காகிதத்தை வாங்கிய அம்மா மானாமதுரைக்குத் திரும்பிய வழியைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. வண்டியில் என்ன பேசினார், மூத்த மகன் என்ன சமாதானம் சொன்னான், பலகாரத் தூக்கை என்ன செய்தார்? மகனுடைய மௌனத்துக்கு ஒரு நூலகமே இருக்கிறது. தாயாருடைய மௌனத்துக்கு ஒரு தாள் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மனிதர்மேல் எனக்குள்ள பிரியம் அப்படியே இருக்கிறது. 1914இல் அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் கண்டபோது, விதிப்படி நடக்கட்டும் என்று விடாமல், அருணாசலத்தை வேண்டி நான்கு பாட்டு எழுதியவரும் அவரே. 1916இல் அம்மா நிரந்தரமாக வந்து சேர்ந்து கந்தாசிரமத்தில் அடுப்பு மூட்டினார். 1922 மே 19ஆம் தேதி, அம்மாவின் மூச்சு அடங்கும்வரை ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துப் பகல் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பவழக்குன்றில் அம்மாவை நோக்கி நீளாத கைதான். நான் ஹாலில் உட்கார்ந்து நினைத்துக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு கைகளைப் பற்றித்தான். நிஷ்டை கூடாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ரமணர் விடியற்காலையில் சமையலறைக்கு வந்து காய் நறுக்குவார், தோலையும் காம்பையும்கூட வீணாக்க விடமாட்டார் என்று அங்கே வேலை செய்த சம்பூர்ணம்மாள் போன்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இலை தைப்பார், புத்தகம் கட்டுவார், தடி செதுக்கி இழைப்பார். அசையாமை கால்கையில் இல்லை என்பதற்கு நல்ல சான்று. இதை நான் வீட்டில் ஒருமுறை சொல்லிக்கொண்டிருந்தபோது, “சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க, இதை நறுக்குங்க” என்று மனைவி வெண்டைக்காய்த் தட்டை நகர்த்தினாள். நறுக்கினேன். காம்பை முறித்து, நுனியை ஒடித்து, ஒரே அளவாக. கொழகொழப்பு விரலில் இழுத்துக்கொண்டு வர, நாலைந்து காய்க்குப் பிறகு நினைப்பு குறைந்தது நிஜம். “இதுவே தியானம்தான் தெரியுமா” என்றேன். அவள் தாளிப்புக் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், “முப்பத்திரண்டு வருஷம் நறுக்கிட்டு வந்து சொல்லுங்க” என்றாள். கேலிதான், கடுகு வெடித்த சத்தத்தில் பாதி கேட்கவும் இல்லை. ஆனால் வாரம் ஒருமுறை நறுக்குகிறவனுக்குத்தான் காய் தியானம். நாள் தவறாமல் நறுக்குகிறவளிடம் நீ எப்போதாவது அதில் அடங்கிப் போனாயா என்று நான் கேட்டதில்லை. அடங்கிப் போயிருந்தாலும் அவளுக்கு அதைச் சொல்லத் தோன்றியிருக்காது. குழம்பு இறக்க நேரமாகிவிடும்.

அம்மாவுக்குக் காதுக்கருவி வந்தது. பட்டன் அளவு பேட்டரி, மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒட்டுத்தாள். அதைப் பிரித்துக் காற்றுப் பட்டால்தான் உயிர் வரும், பிரித்துவிட்டால் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துகொண்டே போகும். முதல் நாள் அம்மா குழந்தை மாதிரி இருந்தாள். தன் செருப்புச் சத்தத்துக்கே திரும்பிப் பார்த்தாள். திண்ணைக்குப் போய், “பூவரசு இவ்ளோ சத்தம் போடுதே!” என்றாள். அப்படியானால் இத்தனை நாள் அந்த மரம் அவளுக்கு ஊமைப்படமாகத்தான் ஓடியிருக்கிறது. இரண்டாம் நாள் எவர்சில்வர் தட்டு விழுந்த சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். கருவி நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாவற்றையும் பெரிதாக்குகிறது, பழக நாளாகும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் மாலை நானும் மனைவியும் முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அடுத்த மாதம் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் விட்டுவைக்கலாமா, அவன் சம்மதிப்பானா, அவன் வீட்டில் என்ன சொல்வார்கள், மருந்துச் செலவு யார் பொறுப்பு. கடுமையான வார்த்தை ஒன்றும் இல்லை. எந்த வீட்டிலும் பேசுகிற பேச்சு. தாழ்ந்த குரலில்கூடப் பேசவில்லை, ஏனென்றால் ஒன்றரை வருடமாக அம்மா பக்கத்தில் இருக்கும்போதே இதையெல்லாம் பேசிப் பழகியிருந்தோம். நிமிர்ந்து பார்த்தபோது அம்மா நிலைப்படியில் நின்றிருந்தாள். இரவு சாப்பாட்டுக்கு வந்தபோது காதில் கருவி இல்லை. “ஏம்மா?” என்று சைகையில் கேட்டேன். “ஒரே எரைச்சலா இருக்குப்பா” என்றாள். தட்டின் இரைச்சலா, மரத்தின் இரைச்சலா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கருவி இப்போது அவளுடைய வெற்றிலைப் பெட்டிக்குள், சுண்ணாம்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தம்பி வீட்டுக்கு அனுப்பும் பேச்சை நாங்கள் அதன்பிறகு எடுக்கவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.

மறுநாள் முதல் மறுபடி திண்ணை, மறுபடி பூவரசு. முகம் அதே முகம். இடையிடையே தானாகச் சிரிக்கிறாள். முன்பும் சிரித்திருப்பாள், நான்தான் கவனித்திருக்க மாட்டேன். ஒரு சாயங்காலம் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி, ஒவ்வொரு சொல்லாக, “இப்படியே இருக்கறது நல்லா இருக்கா?” என்று கேட்டேன். வழக்கம்போலக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்லாத்தான் இருக்கு” என்றாள். அந்தத் ‘தான்’ எதற்கு என்று இன்னும் பிடிபடவில்லை. மெய்யெல்லாம் உதிர்ந்து உயிர் மட்டும் ஓடுகிற ஓர் உலகத்தில் நான் ஹாலில் வருடக்கணக்காகத் தேடிய ஏதோ ஒன்று அவளுக்குக் கிடைத்துத்தான் இருக்கிறதோ? இருக்கலாம். களைப்பாகவும் இருக்கலாம், எங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய்யாகவும் இருக்கலாம். சாட்சி சொல்லும் யோக்கியதையை நான் அந்த ஒன்றரை வருடத்தில் இழந்துவிட்டேன். அவள் அடங்கியதை நாங்கள் மெச்சியதெல்லாம் எங்களுக்குக் கிடைத்த அமைதியைத்தான். சின்ன அத்தை குழாயடியில் சொன்னதும் அதையேதான். ஒருவேளை அவர் எங்களைவிட நேர்மையாகச் சொன்னாரோ என்னவோ.

உங்கள் வீட்டிலும் வயதான யாராவது சமீபகாலமாக ரொம்ப அமைதியாகிவிட்டார் என்று நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தால், முதலில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். போகிற வழியில் அவரைப் பற்றி எதுவும் பேசிக்கொள்ளாதீர்கள்.